கோணல் யானையே போதும்: குழந்தைங்களோட 'அனிமல் தீம்' பர்த்டே பத்தி ஒரு திரெட்

1/
குழந்தை பிறந்தநாளுக்கு 'ஜங்கிள் தீம்', 'அனிமல் தீம்' வைக்கிற பழக்கம் சென்னையோட நிக்கல. நம்ம திருத்தணி மண்டபங்களுக்கும் வந்தாச்சு. பலூன் வளைவு, ஃபோம்ல வெட்டுன சிங்கம், புகை வர்ற மேடை, ஸ்நோ ஸ்ப்ரே, கிளம்பும்போது லைட் எரியுற பொம்மை. எல்லாம் ஒரே பேக்கேஜ்.

கொண்டாட வேணாம்னு சொல்ல வரல. கொண்டாடுங்க. ஆனா ஒரு டாக்டரா எனக்கு இதுல ஒரு கருத்து இருக்கு. கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

2/
என் கருத்து இதுதான்: அந்த மிருகங்களை விலைக்கு வாங்காதீங்க, குழந்தையோட சேர்ந்து கையால செய்யுங்க.

'செலவு மிச்சம்' என்பது ரெண்டாவது காரணம்தான். முதல் காரணம், குழந்தையோட கைக்கும் மூளைக்கும் அதுல கிடைக்கிற பயிற்சி. இன்னொண்ணு, பேக்கேஜ்ல வர்ற சில பொருட்கள் குழந்தையை நேரா எமர்ஜென்சிக்கு அனுப்பக்கூடியவை.

அதுக்காக கையால செஞ்சது எல்லாமே பாதுகாப்புனும் நான் சொல்லல. அதுக்கும் வர்றேன்.

3/
முதல்ல பலூன். சின்னக் குழந்தைங்க மூச்சடைச்சு இறக்குறதுக்குக் காரணமாகிற விளையாட்டுப் பொருட்கள்ல ரப்பர் பலூன் முன்வரிசையில இருக்கு. அமெரிக்காவுல பலூன் பாக்கெட் மேல, 8 வயசுக்குக் கீழ உள்ள குழந்தைங்களுக்கு ஊதாத பலூனும் உடைஞ்ச பலூனும் ஆபத்துன்னு அச்சடிச்சே ஆகணும்.

காரணம் எளிமை. வேர்க்கடலை தொண்டையில சிக்கினா பக்கத்துல கொஞ்சம் காத்து போக இடம் இருக்கலாம். பலூன் துண்டு தொண்டையோட வடிவத்துக்கே வளைஞ்சு ஒட்டிக்கும். முதுகுல தட்டினாலும் எளிதா வெளியே வராது.

பலூன் கட்டியே ஆகணுமா? உயரத்துல கட்டுங்க. உடைஞ்ச துண்டை அப்பவே பொறுக்குங்க. குழந்தை வாயால ஊத வேணாம். ஹைட்ரஜன் அடைச்ச கேஸ் பலூன் கேக் மெழுகுவர்த்தி பக்கத்துல வரவே கூடாது, அது தீப்பிடிக்கும். பல ஸ்நோ ஸ்ப்ரேக்களும் அப்படித்தான், உள்ள இருக்கிற வாயு எரியக்கூடியது.

4/
அடுத்தது பட்டன் பேட்டரி. கண் மினுக்குற பூனை, லைட் எரியுற மோதிரம், பாட்டுப் பாடுற வாழ்த்து அட்டை, இதுல எல்லாம் இருக்கு. குழந்தை விழுங்கி அது உணவுக்குழாய்ல நின்னுட்டா, 2 மணி நேரத்துல திசு வெந்து புண்ணாக ஆரம்பிச்சிடும். பேட்டரி தீர்ந்துபோனதா இருந்தாலும் ஆபத்துதான்.

'நாளைக்கு வெளியே வந்துடும், வாழைப்பழம் குடு'னு வீட்ல உக்காரக் கூடாது. உடனே எக்ஸ்ரே வசதி இருக்கிற ஆஸ்பத்திரி. வாந்தி எடுக்க வைக்காதீங்க. ஒரு வயசுக்கு மேல உள்ள குழந்தை, விழுங்கி 12 மணி நேரத்துக்குள்ள, முழுங்க முடியுதுன்னா, போற வழியிலேயே 10 நிமிஷத்துக்கு ஒரு தடவை 2 டீஸ்பூன் தேன் குடுக்கலாம், அதிகபட்சம் 6 தடவை. தேன் தேடி நேரத்தை வீணாக்காதீங்க. ஒரு வயசுக்குக் கீழ தேன் கூடவே கூடாது.

மூக்குலயோ காதுலயோ போட்டுக்கிட்டாலும் அவசரம்தான். சொட்டு மருந்து, எண்ணெய், தண்ணி எதுவும் ஊத்தாதீங்க.

5/
புகை பிஸ்கட். அந்தப் புகைக்குக் காரணம் திரவ நைட்ரஜன். அதோட வெப்பநிலை மைனஸ் 196 டிகிரி. முழுசா ஆவியாகறதுக்கு முன்னாடி வாய்க்குள்ள போனா வாய், குடல் எல்லாம் உறைஞ்சு காயமாகும். வயித்துக்குள்ள வாயுவா விரிஞ்சு இரைப்பையையே ஓட்டையாக்கும். 2024-ல கர்நாடகாவுல ஒரு பையன் புகை பிஸ்கட் சாப்பிட்டுத் துடிக்கிற வீடியோ பரவினதும் தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறை எச்சரிக்கை விட்டது ஞாபகம் இருக்கும். குழந்தை பார்ட்டியில இதுக்கு இடமே இல்ல.

6/
சரி டாக்டர், அப்ப என்னதான் பண்றது?

நம்ம ஊர்ல இருந்துக்கிட்டு மிருகத்துக்கு ஆப்பிரிக்கா வரைக்கும் போகணுமா? மலைக்கு மேல பாருங்க. முருகனுக்கு மயில், கொடியில சேவல், காலடியில பாம்பு, வாகனமா ஆட்டுக்கிடா. திருத்தணிக்குன்னே ஒரு சிறப்பும் இருக்கு, இங்க சுவாமிக்கு எதிரே நிக்கிறது யானை. இந்திரன் தெய்வானைக்குச் சீதனமா குடுத்த ஐராவதம்னு சொல்லுவாங்க. அது சுவாமியைப் பாக்காம வெளிப்பக்கமா பாத்து நிக்கும். 'ஏன் திரும்பி நிக்குது?'னு கேக்காத குழந்தை உண்டா?

யானை, மயில், சேவல், ஆடு, பாம்பு. அஞ்சு மிருகம், முழு தீம் ரெடி.

7/
இன்னொரு வசதியும் இருக்கு. 1960 ஏப்ரல் 1-ம் தேதி வரைக்கும் ஆந்திராவோட சித்தூர் மாவட்டத்துல இருந்த ஊர் இது. இன்னிக்கும் பாதி வீட்ல ரெண்டு மொழி. யானைன்னா ஏனுகு, மயில்னா நெமலி, ஆடுன்னா மேக. வர்ற குழந்தைங்களை ரெண்டு மொழியிலயும் பேர் சொல்ல வைங்க. செலவே இல்லாத விளையாட்டு. மேடையில மைக் பிடிச்சுக் கத்துற ஆளை விட இது குழந்தை மூளைக்கு நல்லது.

8/
எந்த வயசுக்கு என்ன செய்யலாம்?

2-3 வயசு: சப்பாத்தி மாவு. ஒரு உருண்டையில மஞ்சள்தூள், ஒண்ணுல பீட்ரூட் சாறு. உருட்டினா பாம்பு. கையை அதே சாயத்துல தொட்டு பேப்பர்ல பதிச்சா, விரல்கள் மயில் தோகை.

4-6 வயசு: களிமண் யானை. பாக்குமட்டைத் தட்டுல முகமூடி. முனை மழுங்கின கத்தரி போதும். முகமூடியில கண் ஓட்டையைப் பெருசா வெட்டுங்க, இல்லன்னா ஓடும்போது இடிச்சு விழுவாங்க.

7 வயசுக்கு மேல: பனையோலைக் கிளி, துணி பொம்மை. பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டை, பொதட்டூர்பேட்டைப் பக்கம் தறி ஓடுற ஊர்கள்ல சொந்தக்காரங்க இருந்தா, துண்டுத் துணிக்குப் பஞ்சமே இல்ல. பெரியவங்க பக்கத்துல இருக்க, ஊசியில நூல் கோக்கக் கத்துக்கட்டும்.

9/
இதுல மருத்துவம் எங்க வருது?

மாவு பிசையுற, மண் உருட்டுற, பேப்பர் மடிக்கிற கையில இருக்கிற சின்னத் தசைகள்தான் நாளைக்குப் பென்சில் பிடிக்கப் போகுது, சட்டைப் பொத்தான் போடப் போகுது. 'எழுதவே மாட்டேங்குறான் டாக்டர்'னு 4 வயசுக் குழந்தையைக் கூட்டிட்டு வர்றவங்களுக்கு நான் முதல்ல சொல்றது நோட்டு இல்ல, மாவு.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2018-ல வெளியிட்ட அறிக்கையும் இதேதான் சொல்லுது: விளையாட்டு வெறும் பொழுதுபோக்கு இல்ல, மூளை வளர்ச்சிக்கே தேவை. எளிமையான பொம்மை போதும், பேட்டரி பொம்மை அதிகமா எதையும் கத்துக்குடுக்கறதில்ல. உலக சுகாதார நிறுவனம் 2019-ல 2 முதல் 4 வயசு வரைக்கும் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல திரை வேணாம்னு சொல்லிச்சு. போனைப் பிடுங்கினா அழுவாங்க. போன் இருந்த கையில மண்ணைக் குடுத்துப் பாருங்க.

10/
இப்ப நான் சொன்ன அடுத்த பாதி. கையால செஞ்சதுலயும் ஆபத்து உண்டு.

முதல்ல குன்றிமணி. களிமண் பிள்ளையாருக்குக் கண் வைக்கிறோமே, அந்தச் சிவப்பு கறுப்பு விதை. யானைக்கும் மயிலுக்கும் அதையே வைக்கத் தோணும். வைக்காதீங்க. உள்ள இருக்கிற அப்ரின் கொடிய விஷம். முழுசா விழுங்கினா ஓடு கெட்டியா இருக்கிறதால பல நேரம் அப்படியே வெளியே வந்துடும். ஆனா கடிச்சுட்டாலோ, கோக்கறதுக்காக ஊசியால ஓட்டை போட்ட விதையா இருந்தாலோ விஷம் வெளியே வரும். வாந்தி, ரத்தபேதி எல்லாம் சில மணி நேரம் கழிச்சுக்கூட ஆரம்பிக்கலாம். மாற்று மருந்து கிடையாது. விழுங்கிட்டா, 'நல்லாத்தானே விளையாடுறான்'னு காத்திருக்காம விதையோட ஆஸ்பத்திரிக்கு வாங்க.

கண்ணுக்கு ஸ்கெட்ச் பேனாவுல ஒரு புள்ளி போதும்.

11/
சின்ன மணி, பாசி, தெர்மாகோல் உருண்டை, கடையில விக்கிற ஆடுற கண்: 3 வயசுக்குக் கீழ உள்ள குழந்தை இருக்கிற வீட்ல வேணாம். சுமாரா 3 செ.மீ.க்குச் சின்னதா இருக்கிற எதுவும் அந்த வயசுக்கு ஆகாது. உருண்டையா இருந்தா 4.5 செ.மீ. கணக்கு.

பசை: நொடியில ஒட்டுற பசையும் சூடான க்ளூ கன்னும் பெரியவங்க கையில மட்டும். அந்தப் பசை கண்ல பட்டா பிரிச்சு இழுக்காதீங்க, தண்ணியில கழுவிட்டு நேரா கண் டாக்டர்கிட்ட போங்க.

களிமண்: பானை செய்றவங்ககிட்ட சுத்தமான மண் வாங்குங்க. தெருவுல, நாய் பூனை போற இடத்துல எடுக்க வேணாம். முடிஞ்சதும் சோப்பு போட்டுக் கைகழுவணும். விளையாடும்போது குழந்தை விடாம மண் தின்னுதுன்னா, அடிக்காதீங்க. ரத்தசோகை இருக்கலாம், ஒரு ரத்தப் பரிசோதனை பண்ணுங்க.

பெயின்ட்: வீட்ல மிச்சம் கிடக்கிற பழைய எனாமல் டப்பா வேணவே வேணாம். பெயின்ட்ல ஈயம் 90 பிபிஎம்-க்கு மேல இருக்கக் கூடாதுங்கிற விதி 2017 நவம்பர்லதான் நடைமுறைக்கு வந்தது. ஈயம் குழந்தை மூளையைப் பாதிக்கும், பாதுகாப்பான அளவுன்னு ஒண்ணு இல்ல.

12/
'செய்ய நேரம் இல்ல டாக்டர், கைவினை பொம்மை வாங்கலாமா?' தாராளமா.

ஆந்திராவுல ஏட்டிகொப்பாகா, கொண்டபள்ளி, கர்நாடகாவுல சன்னபட்டணா. மூணும் புவிசார் குறியீடு வாங்கின மரப்பொம்மைகள். ஏட்டிகொப்பாகாவுல செடி, விதை, பட்டையில இருந்து எடுத்த சாயம் போடுற மரபு இருக்கு. பக்கத்துல திருப்பதியில செம்மர மரப்பாச்சி நம்ம பாட்டிமாருக்கே தெரியும்.

2021 ஜனவரி 1 முதல் பொம்மைக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். ஆனா பதிவு பெற்ற கைவினைஞர்களோட பொருளுக்கும் புவிசார் குறியீடு உள்ள பொருளுக்கும் விலக்கு இருக்கு. அதனால முத்திரை இல்லாத கைவினை பொம்மை எல்லாம் போலி கிடையாது. 'என்ன சாயம் போட்டீங்க?'னு கேளுங்க. செஞ்சவர் பதில் சொல்லுவார். முத்திரையும் இல்லாம செஞ்சவரும் தெரியாம தெருவுல விக்கிற பிளாஸ்டிக் பொம்மையைத்தான் தவிர்க்கணும்.

13/
நிஜ மிருகம் வேணாம். பார்ட்டிக்குப் பச்சைக்கிளியைக் கூண்டுல கொண்டு வர்றது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ரிட்டர்ன் கிஃப்டா கலர் கோழிக்குஞ்சும் வேணாம். 5 வயசுக்குக் கீழ உள்ளவங்க குஞ்சைத் தொட்டுட்டு வாயில கை வெச்சா சால்மோனெல்லா கிருமியால பேதி, காய்ச்சல் வரலாம். பாவம், அந்தக் குஞ்சும் பெரும்பாலும் பிழைக்கிறதில்ல.

அவங்கவங்க செஞ்ச மிருகத்தையே வீட்டுக்குக் குடுத்து அனுப்புங்க. அதுக்கு மேல என்ன கிஃப்ட்?

14/
அம்மாக்களுக்குத் தனியா ஒண்ணு. கையால செய்யுங்கன்னு சொன்னதும் ராத்திரி 2 மணி வரைக்கும் நீங்க ஒருத்தரே உக்காந்து யூடியூப் பாத்து 40 முகமூடி வெட்டணும்னு அர்த்தம் இல்ல. அப்படிச் செஞ்சா அதுவும் இன்னொரு பேக்கேஜ்தான், வேலைக்காரி நீங்க.

செய்ய வேண்டியது குழந்தை. கூட உக்கார வேண்டியது அப்பா, தாத்தா, பாட்டி எல்லாரும். ஒரு வாரம், தினம் அரை மணி நேரம். யானைக்குத் தும்பிக்கை கோணலா இருக்கட்டும். மயிலுக்கு மூணு கால் இருக்கட்டும். திருத்தாதீங்க. ஃபோட்டோவுல அழகா வர்ற சிங்கத்தை விட, 'இது நான் செஞ்சது'னு குழந்தை காட்டுற கோணல் யானை எவ்வளவோ மேல்.

கடன் வாங்கி மேடை போடுறவங்களுக்கும் இதையேதான் சொல்வேன். முதல் பிறந்தநாள் கொண்டாடுற குழந்தைக்கு அந்த மேடை ஞாபகம் இருக்கப் போறதில்ல. வட்டி உங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

15/
கடைசியா, பார்ட்டிக்கு முன்னாடி வீட்ல எல்லாரும் இதைத் தெரிஞ்சு வைங்க. குழந்தைக்கு மூச்சடைச்சு, இருமவோ அழவோ முடியலன்னா:

ஒரு வயசுக்குக் கீழ: தலை கீழ் நோக்கி இருக்க முன்கையில குப்புறப் படுக்க வெச்சு, தோள்பட்டைகளுக்கு நடுவுல 5 தட்டு. அப்புறம் மல்லாத்தி, நெஞ்சு நடுவுல 5 அழுத்தம். மாறி மாறி.

ஒரு வயசுக்கு மேல: முதுகுல 5 தட்டு. அப்புறம் பின்னால இருந்து கட்டிப்பிடிச்சு, தொப்புளுக்குக் கொஞ்சம் மேல உள்நோக்கி மேலே 5 அழுத்தம். மாறி மாறி.

ஒருத்தர் இதைச் செய்யும்போதே இன்னொருத்தர் 108-க்குப் போன் பண்ணணும். பொருள் கண்ணுக்குத் தெரியாதப்ப வாய்க்குள்ள விரலை விட்டுத் துழாவாதீங்க, இன்னும் உள்ள போயிடும். நினைவு தப்பிட்டா சி.பி.ஆர். ஆரம்பிங்க.

அடுத்த மாசம் யார் வீட்லயாவது பர்த்டே இருந்தா இந்தத் திரெட்டை அவங்களுக்கு அனுப்புங்க. மண்ணும் மாவும் ஓலையும் இன்னிக்கே எடுத்து வைக்கச் சொல்லுங்க.