என்ன ராகம்?

குற்றாலத்தில் சாரல் விழ ஆரம்பித்துவிட்டால், அருவிக்கு வருகிற கூட்டத்தோடு சங்கீதப் பரீட்சை அதிகாரிகளும் வந்து இறங்கிவிடுகிறார்கள். காலையில் எண்ணெய்க் குளியல், பகலில் தூக்கம், சாயங்காலம் பங்களாத் திண்ணையில் பரீட்சை. கைப்பேசியில் பழைய கச்சேரி ஒன்றை வைப்பார்கள். பாடகர் வாயைத் திறந்து இரண்டு இழுப்பு இழுத்ததும் நிறுத்திவிடுவார்கள். "சொல்லும் பார்க்கலாம், தர்பாரா, நாயகியா?" சொன்னவன் ரசிகன். சொல்லாதவன் காபிக்குச் சொல்லிவிட்டு வரலாம்.

சில வருஷங்களுக்கு முன் அப்படி ஒரு திண்ணையில் நானும் உட்கார்ந்திருந்தேன். காலையில் எங்களுக்கு எண்ணெய் தேய்த்துவிட்ட பெரியவர் கூலி வாங்கிப் போக வந்து படியில் நின்றார். தென்காசிப் பக்கத்துக்காரர். இளவயதில் கழுகுமலைக்குக் காவடி எடுத்தவர் என்று பேச்சுவாக்கில் தெரிந்தது. "ஒரு சிந்து பாடுங்களேன்" என்றேன். பாடினார். தொண்டை கரகரப்புத்தான். ஆனால் ஒவ்வோர் அடியும் நடை பிசகாமல் வந்து விழுந்தது. காவடி இன்னும் தோளில் இருப்பதுபோலத் தோள் அசைந்தது. மூன்றாவது அடி முடிந்ததும் அதிகாரி ஒருவர் கையை உயர்த்தினார். "பெரியவரே, இது என்ன ராகம்?"

"ராகமெல்லாம் தெரியாதுங்கய்யா. காவடி மெட்டு."

திண்ணை சிரித்தது. நானும் சிரித்தேன். பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். ஒருவர் செஞ்சுருட்டி என்று தீர்ப்புச் சொன்னார். ராகம் கிடைத்துவிட்டது, பாட்டுப் போய்விட்டது. அந்தச் சிரிப்புக்குப் பிராயச்சித்தமாகத்தான் இதை எழுதுகிறேன்.

ராகப் பெயரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பாடுகிறவனுக்கும் சொல்லிக் கொடுக்கிறவனுக்கும் அது அவசியம். கேட்கிறவனுக்கும் உதவும். ஆனால் நம்மில் பெரும்பாலோர் ராகத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறோம்? ஆரோகண அவரோகணத்தை எண்ணியா? ஆலாபனையில் ஒரு பிடி காதில் விழுகிறது. தெரிந்த கீர்த்தனை ஒன்று நினைவுக்கு வருகிறது. அதன் தலைப்பில் அச்சிட்டிருந்த பெயரைச் சொல்லிவிடுகிறோம். அதாவது, பாட்டு முதலில் காதில் குடியேற வேண்டும். பெயர் பிறகு கதவில் ஒட்டுகிற சீட்டு. பெரியவரிடம் வீடு இருந்தது. சீட்டு எங்கே என்று கேட்டுச் சிரித்தோம்.

சீட்டு மட்டும் இருந்தால் போதுமா? குற்றாலத்திலேயே சாட்சி இருக்கிறது. பக்கத்து மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயர் பதினெட்டாம் நூற்றாண்டில் பாடிய குற்றாலக் குறவஞ்சியை எடுத்துப் பாருங்கள். மேல்நாட்டார் ஓபரா என்று கொண்டாடுகிறார்களே, அதற்கு நம் பக்கத்து உறவு இது. வசந்தவல்லி பந்தாடுவதும், சிங்கி குறி சொல்வதும், அவளைத் தேடிச் சிங்கன் அலைவதும் பாட்டும் ஆட்டமுமாகவே நடக்கின்றன. 1944இல் ருக்மிணி தேவி இதைக் கலாக்ஷேத்திரத்தின் நாட்டிய நாடகமாக மேடை ஏற்றினார். பதிப்புகளில் பாட்டுக்குப் பாட்டு ராகமும் தாளமும் போட்டிருக்கிறது, சுரக்குறிப்பு இல்லை. ஒரே ராகத்தில் நூறு மெட்டுப் போடலாமே! பெயரை மட்டும் வைத்துக்கொண்டு, கவிராயர் காதால் கேட்ட மெட்டை எந்த அதிகாரி எழுப்பிக் கொடுப்பார்?

சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச் சிந்து கதை வேறு. ஊற்றுமலை ஜமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவரின் ஆதரவில் இருந்த கவிஞர், இளவயதிலேயே போய்விட்டார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவர் கட்டிய சிந்து, ராகப் பெயரைப் பற்றிக் கவலைப்படாத தொண்டைகளிலும் உயிரோடு நடந்து வந்திருக்கிறது. அதை நாம் கச்சேரிக் கடைசியில் துக்கடாவாக வைக்கிறோம்.

நியூயார்க் மெட்ரோபாலிடன் ஓபராவின் ரேடியோ ஒலிபரப்பிலும் 1940இல் ஒரு கேள்வி பதில் ஆரம்பித்தார்கள். எப்போது? இடைவேளையில்! அடுத்த அங்கம் தொடங்கினால் பரீட்சை நின்றுவிடும். நம் திண்ணையிலோ பரீட்சைக்காகப் பாட்டு நிற்கிறது. அதுவும் எந்த ஊரில்? கவிதையை இலக்கண வாத்தியார்களிடமிருந்து மீட்டு, கேட்டவன் முகமலர்ச்சியில் அதைத் தேடிய ரசிகமணி டி.கே.சி. வாழ்ந்து, 1954இல் மறைந்த ஊரில்.

பரீட்சை வைத்தே தீரவேண்டுமென்றால் நான் ஒன்று சொல்கிறேன். மறுநாள் காலை அருவிக்கரையில் தலை துவட்டும்போது, நேற்றுக் கேட்ட பாட்டில் ஓர் அடியாவது மெட்டோடு உமக்குத் திரும்பி வருகிறதா? வந்தால் நீர் தேறிவிட்டீர். பெயர் தெரியாவிட்டால் பாதகமில்லை.

எனக்கு இன்றும் மூன்று அடி வருகிறது. நான்காவது அடி புத்தகத்தில் இருக்கிறது. பெரியவர் பாடியிருக்கக்கூடிய நான்காவது அடி எந்தப் புத்தகத்திலும் இல்லை.