அளவுகோல் எவர் கையில்?

எடைக்கல்லும் துலாக்கோலும் விற்பவன் கையில் மட்டும் இருத்தல் கூடாது என்பது, வாணிகம் வளர்ந்த நாட்டு மாந்தரெல்லாம் பட்டறிவால் கண்ட பொது முறைமை. ஆகலின்தான் எடைக்கல்லில் அரசு தன் பொறியைப் பொறித்தது. முகத்தலளவைக்கும் நீட்டலளவைக்கும் ஊரறிந்த ஒப்புமை வைத்தது. அளவுகோல் ஒருவனுக்கே உடைமையாகி, அவன் நினைத்தபோதெல்லாம் அதனை நீட்டவும் குறுக்கவும் செய்து, நீட்டியதையும் குறுக்கியதையும் பிறர்க்குச் சொல்லாமலும் இருப்பானாயின், அங்கு நடைபெறுவது வாணிகம் அன்று, வல்லாண்மை! இற்றை நாளில் உலகின் அறிவுக் கடைத்தெருவாக விளங்கும் இணையத்தில் நடைபெறுவது இதுவே.

இணையத்தில் உள்ள பக்கங்கள் எண்ணிலடங்கா. அவற்றுள் வேண்டியதைத் தேடி எடுத்து வரிசைப்படுத்திக் காட்டுவது தேடுபொறி. அவ்வரிசையில் முதற்கண் நிற்கும் தளத்தை உலகம் காணும். பின்னே தள்ளப்பட்ட தளம் இருந்தும் இல்லாததே. எனவே, எத்தளத்தை முன்னிறுத்துவது, எதனைப் பின்தள்ளுவது என்னும் அளவீடு எளிய தொழில்நுட்பச் செய்தி அன்று. எவர் சொல் கேட்கப்படும், எவர் கடை நிலைக்கும் என்பதைத் தீர்மானிக்கும் பெருவலி அது.

அவ்வளவீடு பிறந்த வரலாறு நேர்மையானதே. ஒரு பக்கத்தை எழுதுவோர் மற்றொரு பக்கத்தைச் சுட்டி, அங்குச் செல்ல வழி வைப்பதைத் தொடுப்பு என்பர். பிற தளங்களிலிருந்து ஒரு தளத்தை நோக்கி வருவன வருதொடுப்புகள். அமெரிக்காவின் இசுட்டான்போர்டுப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்த இலாரி பேயிசு, செர்கி பிரின் என்னும் இருவர், வருதொடுப்புகளை எண்ணியும், அவற்றைத் தரும் தளங்களின் தகுதியை எடைபோட்டும் ஒரு பக்கத்தின் மதிப்பை அளக்கலாம் என்று கண்டனர். அதற்குப் ‘பக்கத்தரம்’ என்று பெயர். அறிஞர் ஒருவர் கட்டுரையைப் பிற அறிஞர் எத்துணைப் பேர் மேற்கோள் காட்டினர் என்று எண்ணி அதன் மதிப்பை உணரும் முறை அதற்கு முன்பே இருந்தது. யூசீன் கார்பீல்டு என்பார் 1964-இல் வெளியிட்ட அறிவியல் மேற்கோள் அடைவு அத்தகையது. அம்முறையின் வழிவந்ததே பக்கத்தரம். எவருடைய தூண்டுதலுமின்றி ஒருவர் மற்றொருவரைச் சுட்டுவது ஒரு நற்சான்று. பல்லாயிரவர் தரும் நற்சான்றுகளின் திரட்டே மதிப்பு. 1998-இல் கூகுள் நிறுவனம் இவ்வடிப்படையில்தான் எழுந்தது.

ஆயின், மேற்கோள் மதிப்பாகி, மதிப்பு வருவாயாகியவுடன், மேற்கோளே விலைப்பொருளாயிற்று! தேடுபொறிக்கு ஏற்பத் தளத்தைத் திருத்தியமைக்கும் தளச்செப்பம் ஒரு தனித் தொழிலாய் வளர்ந்தது. பக்கத்தைத் தெளிவாக எழுதுவதும், தலைப்பைப் பொருத்தமாக இடுவதும், விரைந்து திறக்குமாறு அமைப்பதும் அத்தொழிலின் நல்ல பகுதி. தொடுப்புகளை விலைக்கு வாங்குவதும், ஒருவரே நூறு போலித் தளங்களைக் கட்டி ஒன்றையொன்று சுட்டச் செய்வதும் அதன் இழிந்த பகுதி. அளவையே இலக்காகக் கொண்டால் அளவு பொய்த்துப்போகும் என்னும் கருத்தைப் பிரித்தானியப் பொருளியலறிஞர் சார்லசு குட்டார்ட்டு 1975-இலேயே பண வழங்கலைப் பற்றிக் கூறினார். இணையத்தில் அது பத்தாண்டுக்குள் கண்கூடாயிற்று.

2011 பிப்பிரவரியில் வெளிவந்த நிகழ்ச்சி ஒன்றே போதும். சே. சி. பென்னி என்னும் அமெரிக்கப் பெருங்கடை, ஆடை, படுக்கை விரிப்பு, தரைவிரிப்பு முதலான பல சொற்களுக்குத் தேடுபொறியில் முதலிடத்தில் நின்றது. அவ்வுயர்வுக்குப் பின்னே, தொடர்பே இல்லாத பல்வேறு தளங்களில் அக்கடைக்கெனப் பதிக்கப்பட்ட ஆயிரக்கணக்கான தொடுப்புகள் இருந்ததை நியூயார்க்கு டைம்சு தாளிகை வெளிப்படுத்தியது. அத்தொடுப்புகளுக்குத் தான் ஒப்புதல் தரவில்லை என்று கடை மறுத்தது. ஒருநாள் மாலை 7 மணிக்கு ‘வரவேற்பறை அறைகலன்’ என்னும் பொருள்படும் ஆங்கிலத் தொடருக்கு முதலிடத்தில் இருந்த அக்கடை, 9 மணிக்கு 68-ஆம் இடத்திற்கு இறக்கப்பட்டது. இரண்டே மணி நேரம்! பொய்யான உயர்வு வீழ்ந்தது முறையே. ஆனால், இரண்டு மணி நேரத்தில் ஒரு பெருங்கடையையே மறையச் செய்யும் கை, சிறு கடைக்காரர்மீதும் சிறு தளத்தார்மீதும் விழுந்தால் அவர்க்காகப் பேசுவார் யார்?

அந்தக் கை அடுத்தடுத்து நீண்டது. 2005 சனவரியில், இத்தொடுப்பை நற்சான்றாகக் கொள்ள வேண்டா என்று குறிக்கும் ஓர் அடையாளத்தைக் கூகுளும் யாகூவும் மைக்ரோசாப்டும் ஒருங்கே ஏற்றன. 2011 பிப்பிரவரியில் ‘பாண்டா’ என்னும் மாற்றம் வந்து, சரக்கற்ற பக்கங்களை இறக்கியது. அமெரிக்காவின் ஆங்கிலத் தேடல்களுக்காகத் தொடங்கப்பெற்ற அம்மாற்றம், அவ்வாண்டு ஆகத்து மாதத்திற்குள் சீனம், சப்பானியம், கொரியம் ஆகிய மூன்று நீங்கலாகப் பிற மொழிகளுக்கும் விரிக்கப்பட்டது. அம்மூன்று மொழிகளுக்குத் தனியே எண்ணிப் பார்க்க வேண்டும் என்று கருதிய நிறுவனம், தமிழுள்ளிட்ட ஏனைய மொழிகளை ஒரே வரிசையில் நிறுத்தியது. தமிழில் தளம் நடத்துவோர் இதனை மறத்தல் ஆகாது.

2012 ஏப்பிரல் 24-இல் ‘பெங்குவின்’ வந்தது. அது போலித் தொடுப்புகளைக் குறிவைத்தது. ஆங்கிலத் தேடல்களில் 3.1 விழுக்காடு அதனால் மாறும் என்று நிறுவனமே கூறியது. நேற்றுவரை செல்வமாக இருந்த வருதொடுப்புகள் ஒரே நாளில் கடனாக மாறின. வாங்கியவர் மட்டுமன்றி, எவரோ எங்கோ பதித்த தொடுப்புகளுக்கு ஆளானவரும் அஞ்சினர். ‘எம்மைச் சுட்ட வேண்டா, தொடுப்பை நீக்குக’ என்று பிற தளத்தாரைக் கெஞ்சி மடல் எழுதும் விந்தையும் நடந்தது. வேண்டாத வருதொடுப்புகளைக் கணக்கில் கொள்ளாதிருக்குமாறு தளத்தாரே எழுதித் தரும் கருவியை அவ்வாண்டு அக்குதோபரில் நிறுவனம் அளித்தது. ஆனால், எழுதித் தந்தவுடன் மீட்சி வரவில்லை. பெங்குவின் மறுமுறை இயங்கும்போதுதான் திருந்திய தளம் எழ முடியும். 2014 அக்குதோபரில் இயங்கிய பின், அது அடுத்து இயங்கியது 2016 செப்தம்பரில். குற்றம் நீங்கியும் ஏறத்தாழ ஈராண்டு ஒறுப்பு நீங்காதிருந்த நிலையை எந்த முறைமன்றம் ஒப்பும்?

போலிகளைக் களைய வேண்டா என்று எவரும் சொல்லார். களையெடுக்காத வயல் விளையாது. தேடுபொறியின் மாற்றங்கள் பலவும் படிப்பவர்க்கு நன்மை செய்தன என்பதும் உண்மையே. பிணக்கு அங்கில்லை. அளப்பவர், குற்றம் காண்பவர், ஒறுப்பவர், மேன்முறையீட்டைக் கேட்பவர் ஆகிய நால்வரும் ஒருவரே. அவரே விளம்பரம் விற்கும் வணிகரும் ஆவர் என்பதே பிணக்கு. விளம்பர வருவாயில் வாழும் தேடுபொறி இயல்பாகவே விளம்பரம் தருவார் பக்கம் சாயும் என்று எச்சரித்தவர் யார்? அப்பேயிசும் பிரின்னுமே, 1998-ஆம் ஆண்டு ஆய்வுரையில்! ஈராண்டு கழித்து, 2000-இல், அவர்தம் நிறுவனமே தேடல் விளம்பரங்களை விற்கத் தொடங்கியது.

அளவுகோல் மாறியது ஒருபுறம் இருக்க, அதனைப் பிறர் பார்த்தறியும் பலகணிகளும் ஒவ்வொன்றாய் அடைக்கப்பட்டன. எத்தளத்திற்கு எங்கிருந்தெல்லாம் தொடுப்பு வருகின்றது என்று எவரும் ஆய்ந்தறிய உதவிய யாகூவின் தளத்துருவி 2011 நவம்பரில் மூடப்பட்டது. பக்கத்தரத்தைச் சுழி முதல் பத்து வரையிலான எண்ணாகப் பொதுமக்களுக்குக் காட்டி வந்ததைக் கூகுள் 2016-இல் நிறுத்தியது. ஒரு தளத்தின் வருதொடுப்புகளைத் தேடற்கட்டத்திலேயே கேட்டறியும் கட்டளையும் மறு ஆண்டில் பயனற்றதாக்கப்பட்டது. ஒரே பக்கத்தில் நூறு விடைகளைக் காட்டிய ஏந்து 2025 செப்தம்பரில் எடுக்கப்பட்டது. தளத்தார் தம் தளத்திற்கு வரும் தொடுப்புகளை மட்டும் இன்றும் ஓரளவு காணலாம். பிறர் தளத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க இயலாது. இன்று வருதொடுப்பு ஆய்வு என்பது, இணையத்தைத் தாமே துருவித் திரட்டும் தனியார் சிலரிடம் திங்கள்தோறும் பணம் செலுத்திப் பெறுவதாயிற்று. அவர்தரும் எண்களும் ஒருவர்க்கொருவர் வேறுபடும். கூகுள் எத்தொடுப்பை எவ்வாறு எடைபோடுகின்றது என்பதை அவருள் எவரும் அறியார். பொருளுடையார்க்கே ஆய்வு, இல்லார்க்கு இருட்டு!

இருட்டில் அடிபட்டவர் வரலாறு ஒன்றுண்டு. ஆடம் இராபு, சிவான் இராபு என்னும் பிரித்தானிய இணையர், பொருள்களின் விலையை ஒப்பிட்டுக் காட்டும் ‘பவுண்டெம்’ என்னும் தளத்தை 2006-இல் தொடங்கினர். தொடங்கிய சின்னாளில் அத்தளம் கூகுளின் வரிசையில் அடியாழத்திற்குத் தள்ளப்பட்டது. விளக்கம் கேட்டுக் கேட்டு ஓய்ந்த அவர்கள், 2009-இல் ஐரோப்பிய ஆணையத்திடம் முறையிட்டனர். கூகுள் தன் விலை ஒப்பீட்டுப் பணியை முன்னிறுத்திப் போட்டியாளரைப் பின்தள்ளியது என்று 2017-இல் ஆணையம் முடிவு கூறி, 242 கோடி யூரோ ஒறுப்புத்தொகை இட்டது. ஐரோப்பிய உயர்முறைமன்றம் அதனை இறுதியாக உறுதி செய்த நாள் 2024 செப்தம்பர் 10. தீர்ப்பு வந்தது, ஆனால் பவுண்டெம் 2016-லேயே மூடப்பட்டிருந்தது. பயிர் கருகியபின் பெய்த மழைக்கு வேறு சான்று வேண்டுமோ?

இத்துணை வலிமை திறத்தால் மட்டும் நிலைக்கவில்லை. கைப்பேசிகளிலும் உலாவிகளிலும் தன் தேடுபொறியே இயல்பாய் அமைந்திருக்கும்பொருட்டு, 2021-ஆம் ஓராண்டில் மட்டும் 2,630 கோடி தாலரைக் கூகுள் பிறர்க்குத் தந்தது என்பது அமெரிக்க வழக்கொன்றில் வெளிப்பட்டது. அவ்வழக்கில் நடுவர் அமித்து மேத்தா, 2024 ஆகத்து 5-இல், கூகுள் தனியாட்சி நிறுவனமே என்றும், அதனைச் சட்டத்திற்கு மாறாகக் காத்து வந்தது என்றும் தீர்த்தார்.

இப்பொழுது மற்றுமொரு மாற்றம் நேர்ந்துள்ளது. 2024 மே முதல் அமெரிக்காவிலும் பின்னர்ப் பிற நாடுகளிலும், தேடல் விடைகளின் மேலே, செயற்கை அறிவு தொகுத்துரைக்கும் சுருக்கத்தைக் கூகுள் வைத்து வருகின்றது. பல தளத்தார் உழைத்து எழுதியவற்றைப் பிழிந்த சாறு அது. பியூ ஆய்வு நடுவம் அமெரிக்கரின் 2025 மார்ச்சுத் தேடல்களை ஆராய்ந்தது. சுருக்கம் இல்லாத இடத்தில் 100-க்கு 15 முறை மக்கள் ஏதேனும் ஒரு விடைத் தொடுப்பைத் திறந்தனர். சுருக்கம் உள்ள இடத்தில் 8 முறையே திறந்தனர். பிறர் தந்த தொடுப்புகளை ஏணியாகக் கொண்டு ஏறியவர், ஏறியபின் அத்தொடுப்புகளையே தேவையற்றனவாக்குகின்றார்!

இதற்குச் செய்ய வேண்டுவது யாது? வாய்பாடு முழுவதையும் வெளியிட்டால் போலிகள் அதனைக் கற்றுப் பயன்கொள்வர் என்பது நிறுவனத்தார் வாதம். அதில் உண்மையுண்டு. ஆனால், வாய்பாட்டை எவரும் கேட்கவில்லை. மாந்தர் ஆய்ந்து இடும் ஒறுப்பிற்கு அறிவிப்பும் மறு ஆய்வு வேண்டுகோளும் இன்றும் உள்ளன. பொறி தானே செய்யும் இறக்கத்திற்கு அவ்விரண்டும் இல்லை. பிழைப்பை இழப்பவனுக்கு இரண்டிற்கும் வேறுபாடு யாது? இறக்கப்பட்ட தளத்திற்குக் கரணியம் சொல்லப்படல் வேண்டும். முறையீட்டைக் கேட்பவர் நிறுவனத்திற்குப் புறம்பானவராதல் வேண்டும். வருதொடுப்புக் கணக்கு ஆய்வாளர்க்குத் திறந்திருத்தல் வேண்டும். இவை கனவுகள் அல்ல. வரிசையைத் தீர்மானிக்கும் தலையாய கூறுகளைத் தேடுபொறிகள் வெளிப்படுத்த வேண்டும் என்னும் ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் 2020 சூலை முதல் நடப்பிலுள்ளது. தன் பணியைத் தானே முன்னிறுத்தலாகாது என்று 2022-இல் இயற்றப்பட்ட மற்றொரு சட்டம், 2024 மார்ச்சு முதல் பெருநிறுவனங்களைக் கட்டுப்படுத்துகின்றது. அங்கு முடிந்தது பிற நாட்டரசுகளால் முடியாதா?

தளம் நடத்துவோர்க்கும் கடமை உண்டு. தேடுபொறியின் ஒவ்வொரு மாற்றத்திற்கும் ஏற்பத் தம் பக்கங்களை வளைத்து வளைத்து எழுதுவோர், இறுதியில் தமக்கெனச் சொல்ல ஒன்றுமில்லாராய் முடிவர். விலைக்கு வாங்கிய தொடுப்பு அடுத்த மாற்றத்தில் வீழும். உண்மையறிவைத் தந்து, படித்தவர் தாமாகவே சுட்டிக்காட்டும் தொடுப்பே எல்லா மாற்றங்களுக்குப் பின்னும் பொருளுடையதாய் நிற்கும். தேடுபொறி அதனை எண்ணாது போயினும், அதன் வழியே மாந்தர் வருவர். அதனினும் மேலானது, இடையில் எப்பொறியும் இன்றித் தம்மை நாடி வரும் படிப்பவர் கூட்டத்தைத் தளத்தார் தாமே வளர்த்துக்கொள்வது. மடல்வழியாகவும், ஒருவர்க்கொருவர் சொல்லும் சொல்வழியாகவும் திரளும் அக்கூட்டத்தை எந்த அளவுகோலாலும் இறக்க முடியாது.

நற்சான்று தந்தவர் உலகத்தார். அச்சான்றுகளை எண்ணிப் பொருளீட்டியவர் ஒருவர். எண்ணும் முறையைக் கேட்கும் உரிமை சான்று தந்தவர்க்கே உண்டு. அவ்வுரிமையைக் கேட்டுப் பெறாதவரை, அளவுகோல் நீள்வதும் குறுகுவதும் நிற்கப்போவதில்லை. அதன் கீழ் நசுங்குவோர் குரலும் வெளிவரப்போவதில்லை. இஃது உறுதி!