நனைந்த கார்பட்டும் நமது வியாபாரமும்

பழைய கார் விற்கும் சிலர், நனைந்த தரைக் கார்பட்டை வெயிலில் காய வைத்து, வாசனை அடித்து விற்று விடுகின்றனர். இது மோசடி என்பதே என் கருத்து. மழையில் நனைந்த தானியத்தைக் குவியலின் அடியில் மறைத்தவரை நபி (ஸல்) அவர்கள் கண்டித்தது நாமறிந்ததே. காரிலும் அடியில் தங்கும் ஈரம் தரைத்தகட்டைத் துருப்பிடிக்க வைக்கும். வயர் இணைப்புகளையும் கெடுக்கும்.

இத்தனைக்கும் திருத்துவது பெரும்பாலும் சிறு வேலைதான். மழையின்றியே முன் இடப்பக்கம் நனைந்தால் ஏ.சி. நீர் வெளியேறும் குழாயைப் பாருங்கள், அழுக்கு அடைத்திருக்கலாம். மழையில் மட்டும் நனைந்தால், முன்கண்ணாடிக்குக் கீழே சேர்ந்த சருகு, கதவு றப்பர், கதவினுள்ளே ஒட்டிய பொலித்தீன் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ஒருவர் டோர்ச்சுடன் உள்ளே இருக்க, மற்றவர் வெளியே கீழிருந்து மேலாகத் தண்ணீர் பாய்ச்சினால் கசியுமிடம் தெரியும். இடமறியாமல் சிலிக்கோன் பூசுவது வீண்செலவு.

திருத்த வசதியில்லையா? வாங்குபவரிடம் கார்பட்டைத் தூக்கிக் காட்டி, விலையைக் குறைத்துக் கொடுங்கள்.