கட்டின்னு சொன்னாங்க... டி.பி.ன்னு வந்துச்சு!

போன செமஸ்டர், இன்டர்னல்ஸ் நேரம். என் ரூம்மேட் மெஸ்ல ஒரு இட்லிக்கு மேல தொடமாட்டா. 'டயட்டா?'ன்னு கலாய்ச்சோம். சாயங்காலமானா லேசா காய்ச்சல், ராத்திரி வேர்த்துக் கொட்டும். ஆளு இளைச்சுக்கிட்டே போக, வயிறு மட்டும் உப்பிக்கிட்டே வந்துச்சு. 'கேஸ் ட்ரபிள்'னு ஓமத் தண்ணி வாங்கிக் கொடுத்த மேதைங்க நாங்க.

ஸ்கேன் எடுத்தா, வயித்துல தண்ணி கோத்திருக்கு, சினைப்பை பக்கத்துல கட்டி. ரத்தத்துல சி.ஏ.125 அளவு 35-க்குள்ள இருக்கணுமாம். அவளுக்கு 400-ஐத் தாண்டிடுச்சு. நெட்ல தேடினா முதல்ல வந்தது, சினைப்பை கேன்சர். அவங்க அம்மா ஆஸ்பத்திரி வராண்டாவுலேயே உட்கார்ந்துட்டாங்க. அப்பா நகையை அடகு வைக்கக் கிளம்பிட்டார். 'சினைப்பையை எடுத்துட்டா நாளைக்குக் கல்யாணம்?'னு ஒரு சித்தி. அந்த நேரத்துலயும்!

டாக்டர் மட்டும் அவசரப்படலை. 'துணுக்கு சதை எடுத்து டெஸ்ட் பண்ணாம எதுவும் சொல்லமாட்டேன்'னுட்டார். சின்னத் துளை போட்டு, லேப்ராஸ்கோப் விட்டுப் பார்த்தா, வயித்துக்குள்ள இருக்கிற சவ்வு முழுக்க ஜவ்வரிசி தூவின மாதிரி வெள்ளைப் புள்ளிகள். பயாப்ஸி ரிசல்ட்... டி.பி.!

இருமலே இல்லை, நெஞ்சு எக்ஸ்ரேயும் க்ளீன், அப்புறம் எப்படின்னு கேக்கறீங்களா? நானும் கேட்டேன். டி.பி. கிருமி நுரையீரல்ல மட்டும் குடியிருக்கிற ஆள் இல்லை. ரத்தம் வழியாவோ, விழுங்குற சளி வழியாவோ, காய்ச்சாத பால் வழியாவோ வயித்துக்கும் போகும். சிறுகுடலும் பெருங்குடலும் சேருற வலதுபக்க அடிவயிறு அதுக்கு ரொம்பப் பிடிச்ச ஏரியா. அங்கே வீங்கினா குடல் கேன்சர் மாதிரியே தெரியும். சி.ஏ.125? அது கேன்சருக்கு மட்டும் அடிக்கிற அலாரம் இல்லை. வயித்துச் சவ்வு புண்ணானாலும் ஏறும். (நம்ம லேப் பாஷையில, சென்சார் சரி, ரீடிங்கைப் புரிஞ்சுக்கிட்டதுதான் தப்பு.)

மருந்து பொதுவா 6 மாசம். முதல் 2 மாசம் 4 மருந்து, அப்புறம் 3. அரசு ஆஸ்பத்திரியில இலவசம். சத்தான சாப்பாட்டுக்குன்னு மாசம் 1,000 ரூபாயும் உண்டு. 2024 நவம்பருக்கு முன்ன அது 500. ரிஃபாம்பிசின் மாத்திரை போட்டா சிறுநீர் ஆரஞ்சு கலர்ல போகும். முதல் நாள் அவ போட்ட கூச்சல்ல வார்டனே ஓடி வந்துட்டாங்க.

கேன்சர்னு நினைச்சப்போ கட்டிப்பிடிச்சு அழுத அதே பொண்ணுங்க, டி.பி.ன்னதும் தட்டைத் தனியா வைக்கச் சொன்னாங்க பாருங்க, அதுதான் எனக்கு ஆறலை. நுரையீரல்ல இல்லாம வயித்துல மட்டும் இருக்கிற டி.பி. அடுத்தவங்களுக்குத் தொத்தாது. நுரையீரல் டி.பி.கூட காத்து வழியா பரவுமே தவிர, தட்டு, டம்ளர்ல பரவாது. டாக்டர்கிட்ட எழுதி வாங்கி நோட்டீஸ் போர்டுல ஒட்டலாம்னேன். 'வேணாம்டி, மாத்திரையைப் பவுடர் டப்பாவுக்குள்ள வெச்சுக்கறேன்'னா.

இப்போ நாலாவது மாசம். 6 கிலோ ஏறியிருக்கா. கட்டி சுருங்கிடுச்சு. என் இட்லியையும் சேர்த்துப் பிடுங்கித் தின்னுறா, என் தட்டுல இருந்தே!