மனப்பாடத் தொடக்கங்களும் மாலைநேர ஆட்டக்காரரும்

மாலைநேரச் சதுரங்க ஆட்டக்காரர் என்றோர் இனம் உண்டு. பகலெல்லாம் வங்கியிலோ பள்ளியிலோ மருந்துக்கடையிலோ பணி; இரவு உணவுக்குப் பின் ஒரு மணி நேரம் பலகையின் முன். பட்டம் எதுவும் இல்லை. இனிப் பெறப்போவதும் இல்லை. ஆயினும் சென்ற ஆண்டைவிட இவ்வாண்டு சற்றே நன்றாக ஆடவேண்டும் என்ற ஆசை மட்டும் அவரை விடுவதில்லை. அவ்வினத்தில் நாமும் ஒருவர் என்ற உரிமையில், அவருடைய பயிற்சிமுறை பற்றிச் சில கருத்துகளை இங்கே முன்வைக்க விரும்புகிறோம்.

அவரிடம் காணப்படும் முதற்பழக்கம், தோற்றவுடன் ‘ஓப்பனிங்’கை மாற்றுவது. தொடக்க நகர்த்தல்களைத்தான் ஆட்டக்காரர்கள் அவ்வாறு சொல்வர். தை மாதத்தில் சிசிலியன், சித்திரையில் பிரெஞ்சு, ஆடியில் கிங்ஸ் இந்தியன். ஒவ்வொன்றுக்கும் ஒரு நூல் வாங்கியாயிற்று. ஒவ்வொன்றிலும் முதல் நாற்பது பக்கங்கள் அழுக்காகவும் மற்றவை புதிதாகவும் இருக்கும். ஃபிஷரும் காஸ்பரோவும் விரும்பி ஆடியது என்பதற்காக நைடார்ஃப் வகையைப் பதினெட்டாம் நகர்த்தல் வரை நெட்டுருப் போட்டுக்கொண்டு போவார். எதிரே அமர்ந்திருப்பவரும் இவரைப்போல் ஒரு மாலைநேர ஆட்டக்காரர்தானே? அவர் அந்த நூலைப் படித்தவர் அல்லர். இரண்டாம் நகர்த்தலிலேயே மந்திரியை சி4-இல் கொண்டுவந்து நிறுத்திவிடுவார். அத்தோடு பதினெட்டு நகர்த்தல்களும் வீண்.

இதனை நம் வகுப்பறை அனுபவத்தோடு ஒப்பிடாமல் இருக்க முடியவில்லை. பசுவைப் பற்றிய கட்டுரையை மனப்பாடம் செய்துகொண்டு போன மாணவனுக்குத் தேர்வில் தென்னைமரம் வந்ததாம். தென்னையை இரண்டு வரியில் சொல்லிவிட்டு, அதில் ஒரு பசு கட்டப்பட்டிருந்தது என்று எழுதிப் பசுவுக்குத் தாவினானாம். லண்டன் சிஸ்டம் என்ற தொடக்கம் இப்போது செல்வாக்குப் பெற்றிருப்பதற்கு இந்தப் பசுவே காரணம் என்று நமக்குத் தோன்றுகிறது. எதிராளி என்ன செய்தாலும் டி4, மந்திரி எஃப்4, இ3, சி3 என்று ஒரே கோலத்தைப் போட்டுவிடலாம். தீய தொடக்கம் என்று சொல்லமாட்டோம். உலகின் முன்னணி வீரர்களும் ஆடுகிறார்கள். ஆனால் ஆண்டுக்கணக்கில் அது ஒன்றையே ஆடுபவர் ஒரே வகையான நிலைகளையே மீண்டும் மீண்டும் சந்திப்பார்.

தொடக்கம் என்பது நூலிலிருந்துதான் வரவேண்டுமா? கிங்ஸ் இந்தியன், நிம்சோ இந்தியன் என்ற பெயர்களில் ‘இந்தியன்’ வந்த கதையைப் பாருங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் கல்கத்தாவில் ஜான் காக்ரேன் என்ற ஸ்காட்லாந்து வழக்கறிஞர் இருந்தார். அக்காலத்தின் பெரிய ஆட்டக்காரர்களுள் ஒருவர். அவரோடு ஓயாமல் ஆடியவர் மகேஷ் சந்திர பானர்ஜி என்ற வங்காளி. அந்நாளைய இந்திய விதிகளில் சிப்பாய் முதல் நகர்த்தலில் இரண்டு கட்டம் தாவும் வழக்கம் இல்லை. அவ்விதிகளில் பழகிய கைக்கு, ஒரு சிப்பாயை ஒரு கட்டம் ஏற்றி, மந்திரியை மூலையோரத்தில் நிறுத்தி, மையத்தைத் தொலைவிலிருந்து நோக்குவது இயல்பாக இருந்திருக்கும். ஐரோப்பியர் அதற்கு ‘இந்தியத் தடுப்பாட்டம்’ என்று பெயரிட்டனர். ஒருவருடைய பழக்கத்திலிருந்து முளைத்ததைத்தான் இன்று தடித்த நூல்களாக வாங்கி அடுக்குகிறோம்.

அதே இந்திய விதிகளில் வளர்ந்தவர் பஞ்சாபைச் சேர்ந்த மீர் சுல்தான் கான். 1929-இல் இங்கிலாந்து சென்றார். அவ்வாண்டே பிரிட்டிஷ் சாம்பியன். 1932, 1933 ஆகிய ஆண்டுகளிலும் அவரே. ஐரோப்பியத் தொடக்க நூல்களில் அவருக்குப் பயிற்சி மிகக் குறைவு. எனினும் 1930-31 ஹேஸ்டிங்ஸ் போட்டியில் முன்னாள் உலகச் சாம்பியன் காபாபிளாங்காவையே வீழ்த்தினார். நடுவாட்டத்திலும் இறுதியாட்டத்திலும் அவருக்கிருந்த வல்லமை அத்தகையது. அவர் மேதை, நாம் அல்லோம். ஆனால் எது முதலில், எது பிறகு என்ற வரிசையை அவரிடமிருந்து கற்கலாம். காபாபிளாங்காவும் 1921-இல் வெளிவந்த தம் அடிப்படை நூலை ஓப்பனிங்கிலிருந்து தொடங்கவில்லை. சில காய்களே எஞ்சிய எளிய முடிவுகளிலிருந்தே தொடங்கினார்.

ஒரு சிறு கணக்கும் உண்டு. சிப்பாய்க்கு மதிப்பு 1, குதிரைக்கு 3 என்பது வழக்கம். நூல் தரும் நுட்பமான தொடக்க மேம்பாடு பெரும்பாலும் ஒரு சிப்பாயில் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறாது. இருபத்திரண்டாம் நகர்த்தலில் கவனியாமல் குதிரையைப் பறிகொடுப்பவர், அந்த மூன்றிலொரு பங்குக்காக இரவெல்லாம் விழித்திருப்பது எந்த ஊர் வணிகம்?

நிற்க. தொடக்கமே வேண்டா என்று நாம் சொல்லவில்லை. நான்கே நகர்த்தல்களில் அரசனைப் பறிகொடுப்பவர் நடுவாட்டத்தைப் பார்ப்பது எங்ஙனம்? வெள்ளைக்கு ஒன்று, கறுப்புக்கு இரண்டு போதும். வெள்ளையில் இ4 ஆடி இத்தாலியன் முறையில் காய்களை வெளிக்கொணரலாம். கறுப்பில் இ5 என்றே விடையளிக்கலாம். பிரெஞ்சில் தம் சி8 மந்திரி சிப்பாய்களுக்குப் பின்னே சிறைப்பட்டுக் கிடப்பதைக் காணச் சகியாதவர் காரோ-கானுக்குப் போகலாம். அங்கே அந்த மந்திரி வெளியே வந்துவிடும். எதுவாயினும் இரண்டு ஆண்டுகள் மாற்றக்கூடாது. ஒரே தெருவில் நாள்தோறும் நடந்தால்தான் எந்த வீட்டில் நாய் என்று தெரியும்.

மிச்சமாகும் நேரத்தில் யானை இறுதியாட்டங்களைப் படிக்கலாம். பலகையில் அதிகம் வருபவை அவையே. எதிராளிக்கு ஒரு யானையும் ஒரு சிப்பாயும், நமக்கு யானை மட்டும் என்ற நிலையில், நம் அரசன் சிப்பாயின் வழியில் நின்றுகொள்ள, யானையை நம் பக்கத்து மூன்றாம் வரிசையில் காவல் நிறுத்தவேண்டும். சிப்பாய் அந்த வரிசைக்கு ஏறிய கணமே யானையை எதிர்க்கோடிக்கு ஓட்டிப் பின்னாலிருந்து ‘செக்’ சொல்லிக்கொண்டே இருக்கவேண்டும். ஆட்டம் சமன். பதினெட்டாம் நூற்றாண்டில் ஃபிலிடோர் காட்டிய வழி இது. அரை மணியில் கற்று ஆயுள் முழுதும் வைத்துக்கொள்ளலாம். (லூசெனா நிலை என்று வழங்கும் மற்றொன்று 1497-இல் வந்த லூசெனாவின் நூலில் இல்லவே இல்லை என்பது ஒரு வேடிக்கை. ஆசிரியர் பெயர் மாறிப் பாட்டு வழங்குவதை அறிந்த நமக்கு வியப்பில்லை.)

இனி இரண்டாம் பழக்கம். இதுவே நம்மை அதிகம் வருத்துவது. ஆட்டம் முடிந்த மறுநொடி, ஸ்டாக்ஃபிஷ் முதலிய கணினி நிரல்களிடம் அதைக் கொடுத்துத் தீர்ப்புக் கேட்பது. நிரலின் வலிமையில் ஐயமில்லை. 1997-இலேயே காஸ்பரோவ் டீப் புளூவிடம் தோற்றார். இன்றைய நிரல்கள் அதனினும் பன்மடங்கு வல்லவை. ஆனால், கோனார் உரையைக் கையில் வைத்துக்கொண்டு மூலத்தைத் திறவாத மாணவர் என்ன கற்பார்? உரை சொன்னது சரிதான். ஆனால் செய்யுளோடு மல்லுக்கட்டி, இச்சொல்லுக்கு இப்பொருளாக இருக்குமோ என்று தாமே ஒரு பொருள் கொண்டு பார்க்கும் நிகழ்ச்சி அவர் மனத்தில் நடக்கவேயில்லை. சதுரங்கத்திலும் அப்படியே. ‘தவறு’ என்று சிவப்புக் குறி விழுகிறது. சரியான நகர்த்தலும் காட்டப்படுகிறது. அத்தவறு தம்முடைய எந்த எண்ணத்திலிருந்து பிறந்தது என்பதை நிரல் அறியாது. அதை அறிந்தவர் உலகில் ஒருவர்தாம் உண்டு. அவரோ அடுத்த ஆட்டத்துக்குப் போய்விட்டார்.

நிரல் ஏதும் கைக்கு எட்டாத காலத்தில் போட்வின்னிக் தம் ஆட்டங்களைத் தாமே ஆராய்ந்து எழுதுவதைப் பயிற்சியின் உயிராகக் கொண்டிருந்தார். உலகச் சாம்பியனுக்கே அது வேண்டியிருந்தது.

‘இந்த வயதில் எதற்கையா இவ்வளவு?’ என்ற கேள்வியும் நம் காதில் விழாமலில்லை. தமிழகத்தில் அது கூடுதலாகவே கேட்கும். குகேஷ் 2024-இல் பதினெட்டு வயதில் உலகச் சாம்பியனானார். அதன்பின் நாற்பது வயதில் பலகையை விரிப்பவரைப் பார்த்துப் புன்னகைப்பது எளிதாகிவிட்டது. சங்கப் பாடலைப் பட்டத்துக்காக அன்றி வேறெதற்கும் படிக்கலாகாது என்று சொல்லும் குரலும் இதுவும் ஒன்றே. இரண்டையும் நாம் ஏற்பதில்லை. பரிசுக்கு வழியில்லாதவருக்குக் கற்பதில் உரிமை குறைந்துவிடாது. ஆனால் அவ்வுரிமையைப் பயன்கொள்ள, மூன்று நிமிட ஆட்டங்களைக் கொறிப்பதை விட்டு, வாரம் ஒன்றாயினும் அரை மணிக்குக் குறையாத ஆட்டம் ஆடவேண்டும்.

அந்த ஓர் ஆட்டத்தை ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். மறுநாள், நிரலைத் திறக்குமுன், தடுமாறிய மூன்று இடங்களில் அப்போது என்ன நினைத்தோம் என்று தமிழிலேயே இரண்டு வரி எழுதுங்கள். பிறகு நிரலைக் கேளுங்கள். பத்து ஆட்டங்கள் ஆனதும் புரட்டினால், ‘ஓர வரிசைக் குதிரை நினைவிலேயே இல்லை’ என்று நான்கைந்து இடங்களில் உங்கள் கையெழுத்திலேயே இருக்கக்கூடும். அடுத்த மாதம் பார்க்கவேண்டியது அந்தக் குதிரையை. நைடார்ஃப் அலமாரியிலேயே இருக்கட்டும்.