ஆடித் தள்ளுபடியில் புருவம்



ஆடி பிறந்தால் புடவைக்கும் பாத்திரத்துக்கும் மட்டுமா தள்ளுபடி? இப்போது புருவத்துக்கும் உதட்டுக்கும்கூடத் தருகிறார்கள். ஆவணியில் முகூர்த்தம் குறித்திருக்கும் வீடுகளிலிருந்து வரும் கடிதங்களில் ஒரே கேள்விதான்: "மைக்ரோபிளேடிங் செய்துகொள்ளலாமா?" தாராளமாகச் செய்துகொள்ளலாம். ஆனால் ஆடிக் கடைசியில் புருவத்தைக் கொடுத்துவிட்டு ஆவணி முதல் முகூர்த்தத்தில் மணமேடை ஏறப் போகிற பெண்ணுக்கு என் பதில், வேண்டாம் அம்மா. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

பெயர் எதுவானாலும் இது பச்சை குத்துவதுதான். ஊசிகளை வரிசையாகக் கோத்த சிறு பிளேடாலோ, மோட்டாரில் ஓடும் ஊசியாலோ தோலைக் கீறி, மேல்தோலுக்குச் சற்றே கீழே நிறமியை இறக்குகிறார்கள். மேல்தோலோடு நின்றுவிட்டால் நிறம் தங்காது. ஏறக்குறைய மாதம் ஒருமுறை அது உதிர்ந்து புதிதாகிவிடும். ஆழம் கூடினால் ரத்தம் கசியும், கோடு கலங்கி நீலம் பாரிக்கும், தழும்பும் விழலாம். எண்ணெய் வழியும் சருமத்தில் முடி முடியாகக் கீறிய கோடுகள் சீக்கிரம் மங்கும். அவர்களுக்கு மெஷினில் புள்ளி புள்ளியாக வைப்பதே மேல். இதை முதல் நாளே சொல்லாத இடத்தில் எனக்கு நம்பிக்கை வருவதில்லை.

அந்தக் காலத்தில் திண்ணையில் உட்கார்ந்து, கரியும் பச்சிலைச் சாறும் சேர்த்துக் குத்திவிட்டு, மேலே மஞ்சளைத் தடவிப் போனார்கள் பச்சை குத்துகிறவர்கள். ஹெபடைடிஸ் பி என்ற பெயரை அன்று யாரும் கேட்டதில்லை. நாம் கேட்டிருக்கிறோம். அந்த வைரஸ் உடலுக்கு வெளியே, காய்ந்த ரத்தக் கறையில்கூட குறைந்தது 7 நாள் தொற்றும் வலுவோடு இருக்கும்.

ஆகவே சுவரில் மாட்டிய சான்றிதழ்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் ஊசியைப் பாருங்கள். உறை பிரிக்காத ஊசி, காலாவதித் தேதி அச்சிட்டது, உங்கள் கண்முன் பிரிக்கப்பட வேண்டும். வேலை முடிந்ததும் ஊசி குத்தி வெளிவராத கெட்டியான டப்பாவுக்குள் போக வேண்டும். பல பார்லர்களில் ஒரு மூலையில் நீல வெளிச்சம் எரியும் பெட்டி இருக்கும். "எல்லாம் ஸ்டெரிலைஸ் பண்ணினதுதான் மேடம்" என்று பெருமையாகத் திறந்து காட்டுவார்கள். புறஊதா வெளிச்சம் பட்ட பக்கத்தில் மட்டும்தான் வேலை செய்யும்; ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் கருவிகளின் அடிப்பக்கத்தை அது தொடுவதே இல்லை. திரும்பப் பயன்படுத்தும் உலோகக் கருவிகளுக்கு ஆட்டோகிளேவ்தான் வழி. அதில் அழுத்தத்தோடு 121 டிகிரி நீராவியில் 15 நிமிடமாவது இருக்க வேண்டும். ஊசிக்கு அந்தப் பேச்சே கிடையாது. ஒருவருக்கு ஒன்று, அப்புறம் குப்பை.

கை சுத்தமாக இருந்தும் மை காலை வாரிவிடுவது உண்டு. 2011-ல் நியூயார்க் மாநிலத்தின் ரோசெஸ்டர் பகுதியில், ஒரே கலைஞரிடம் பச்சை குத்திக்கொண்ட 19 பேருக்குத் தோலில் விடாப்பிடியான தடிப்பு வந்தது. விசாரித்ததில் அவர் மீது குற்றமில்லை. முன்கூட்டியே நீர்த்து விற்கப்பட்ட சாம்பல் நிற மையில், தண்ணீரிலும் மண்ணிலும் வாழும் ஒருவகை மைக்கோபாக்டீரியா இருந்தது. மருந்து மாதக்கணக்கில் எடுக்க வேண்டிய தொற்று இது. மையில் கேன் தண்ணீரைக் கலக்கிறவரைக் கண்டால் எழுந்து வந்துவிடுங்கள். பாட்டிலின் பிராண்டையும் பேட்ச் எண்ணையும் போனில் படம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜனவரி முதல் இத்தகைய மைகளில் ஆயிரக்கணக்கான ரசாயனங்களுக்குக் கட்டுப்பாடு போட்டிருக்கிறது. இங்கே அந்தக் காவல் நம் கண்தான்.

மரத்துப்போக வைக்கும் க்ரீமையும் லேசாக எண்ண வேண்டாம். லிடோகெய்ன் அதிகம் சேர்ந்த க்ரீமைப் பரக்கத் தடவி பிளாஸ்டிக் தாள் சுற்றினால் அது ரத்தத்தில் ஏறும். இதயத் துடிப்பு தடுமாறலாம், வலிப்பும் வரலாம். 4 சதவீதத்துக்கு மேல் லிடோகெய்ன் உள்ள, சீட்டு இல்லாமல் கிடைக்கும் க்ரீம்களை இந்த வேலைக்குப் பயன்படுத்த வேண்டாம் என்று அமெரிக்க எஃப்.டி.ஏ. 2024 மார்ச்சில் எச்சரித்தது.

நல்ல டெக்னீஷியனை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டால், நம்மைத் துருவித் துருவிக் கேள்வி கேட்கிறவர் என்பேன். எனக்குத் தெரிந்த ஒருவர், உதட்டுக்கு நிறமேற்றும் லிப் பிளஷ் செய்ய வந்த பெண்ணிடம், "காய்ச்சல் வந்தா உதட்டோரம் கொப்புளம் போடுமாம்மா?" என்றார். ஆமாம் என்றாள். "அப்போ டாக்டரைப் பார்த்து மாத்திரை எழுதி வாங்கிட்டு வா, அப்புறம் செய்யலாம்" என்று அனுப்பிவிட்டார். ஊசி பட்டால் உள்ளே ஒளிந்திருக்கும் ஹெர்பிஸ் கிளம்பி உதடு முழுக்கப் பரவும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. வயிற்றில் பிள்ளை இருக்கிறதா, பால் கொடுக்கிறீர்களா, சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை உண்டா, பருவுக்கு ஐசோட்ரெடினோயின் சாப்பிட்டீர்களா, தழும்பு மேடு தட்டுமா, தலைச்சாயம் ஒத்துக்கொள்ளாமல் போனதா என்றெல்லாம் கேட்க வேண்டும். வெண்புள்ளியோ சோரியாசிஸோ இருந்தால் தோல் மருத்துவரின் சம்மதம் கட்டாயம். கீறிய இடத்திலேயே அவை புதிதாகக் கிளம்புவது உண்டு. பேட்ச் டெஸ்டும் வேண்டும், ஆனால் அதுவே உத்தரவாதம் ஆகாது. சிலருக்கு ஒவ்வாமை மாதங்கள் கழித்து எட்டிப் பார்க்கும்.

இனி, ஆவணி விவகாரம். முதல் சில நாள் புருவம் கரியால் வரைந்த மாதிரி அடர்த்தியாக இருக்கும், வீடே சிரிக்கும். ஒரு வாரத்தில் பொருக்கு உதிரத் தொடங்கும். இரண்டாம் வாரம் கண்ணாடியில் பார்த்தால் பாதிக் கோட்டைக் காணோம். "என்ன அண்ணி, கொடுத்த காசு எங்கே போச்சு?" என்று நாத்தனார் கேட்பது அப்போதுதான். பதற வேண்டாம். புதுத்தோலுக்கு அடியில் இருக்கும் நிறம் நாலு வாரத்தில் தெளிந்து வரும்; விட்டுப்போன இடங்களை ஆறு முதல் எட்டு வாரத்தில் டச்-அப்பில் நிரப்புவார்கள். அதுவும் ஆற வேண்டும். ஆக, ஆவணிக் கல்யாணத்துக்கு வைகாசியிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும்.

அந்த இரண்டு வாரம் பொருக்கைக் கிள்ளக் கூடாது. இட்லிப் பானை ஆவிக்கு முகம் காட்டுவது, வெயிலில் அலைவது, நீச்சல், ஃபேஷியல் எதுவும் ஆகாது. கோயிலில் விபூதியை நெற்றி நிறையப் பூசாமல் நடுவில் சின்னதாக வைத்துக்கொள்ளுங்கள். மஞ்சள், விளக்கெண்ணெய், தேங்காய் எண்ணெய் என்று ஆளுக்கு ஒரு வைத்தியம் சொல்வார்கள். கொடுத்த களிம்பைக் கழுவிய கையால் மெல்லிசாகத் தடவினால் போதும். சிவப்பு குறையாமல் கூடினாலோ, சீழ் வைத்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ பார்லருக்குப் போன் போடாதீர்கள், டாக்டரிடம் போங்கள்.

பிறகு எப்போதாவது எம்.ஆர்.ஐ. எடுக்க நேர்ந்தால் டெக்னீஷியனிடம் சொல்லுங்கள். நிறமியில் இரும்பு ஆக்சைடு இருப்பதால் அபூர்வமாகச் சிலருக்கு எரிச்சல் வரும். அதற்காக ஸ்கேனைத் தவிர்க்கத் தேவையில்லை. ரத்த தானத்துக்கும் ஓராண்டு பொறுக்க வேண்டும்.

மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை செய்துகொண்ட ஒரு வாசகி, இதே முறையில் மார்புக்காம்பின் தோற்றத்தை வரைய முடியுமாமே, இந்த வயதில் கேட்பது அசட்டுத்தனமா என்று எழுதியிருந்தார். துளியும் இல்லை சகோதரி. தழும்பு நன்றாக ஆறிச் சில மாதமாவது ஆகியிருக்க வேண்டும், கதிர்வீச்சு எடுத்திருந்தால் தோலின் நிலையைப் பார்க்க வேண்டும். இரண்டையும் உங்கள் அறுவை மருத்துவரே சொல்வார். உங்கள் கடிதத்தில் முகவரி விட்டுப்போயிருக்கிறது. எந்த ஊர் என்று ஒரு வரி எழுதுங்கள், பக்கத்தில் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவு எங்கே இருக்கிறது என்று விசாரித்துத் தனியாகப் பதில் அனுப்புகிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்