கைமாறும் ஸ்டாப்வாட்ச்

பினாங்குத் தீவின் கிழக்கே, ஏர் ஈத்தாம் பக்கம், மலை நிழல் விழுந்த பிறகும் பாலிக் புலாவில் ஏழு மணி வரை வெளிச்சம் நிற்கும். பள்ளித் திடலில் ஓடுகிற பிள்ளைகளுக்கு இது இயற்கை கொடுத்த கூடுதல் நேரம். அந்த நேரத்தில் திடலோரம் ஸ்டாப்வாட்ச்சோடு நிற்பவர் யார், அடுத்த ஆண்டும் அவரே நிற்பாரா என்பதுதான் நம் கவலை.

இடைநிலைப்பள்ளித் திடல்தடப் போட்டிகளைப் பற்றிப் பேச்செடுத்தால் எல்லாரும் பாடுவது ஒரே பல்லவி: செயற்கைத் தடம் வேண்டும், அரங்கம் வேண்டும். கட்டடம் என்றால் திறப்பு விழா உண்டு, கல்வெட்டில் பெயர் உண்டு. அந்த ஆசை புரிகிறது. 2000-ஆம் ஆண்டு மலேசிய மாநிலங்களுக்கிடையிலான சுக்மா போட்டி பினாங்கில் நடந்தபோது பத்து காவானில் மாநில அரங்கமே எழுந்தது. பாலிக் புலாவ் மாணவன் அங்கே போக வேண்டுமானால் தீவைச் சுற்றி, பாலம் ஏறி, கடலைத் தாண்ட வேண்டும். அவனுக்குத் தினமும் வேண்டியது தடத்தைவிட ஓர் ஆள். முதலாம் படிவத்தில் அவன் ஓட்டத்தைப் பார்த்தவரே ஐந்தாம் படிவத்திலும் பார்க்க வேண்டும். பயிற்சி தரும் ஆசிரியர் ஐந்தாண்டாவது ஒரே பள்ளியில் இருக்க வழி செய்யுங்கள் என்பதே நம் கோரிக்கை.

நடப்பது என்ன? காலையில் பாடம், மாலையில் திடல், சனிக்கிழமையில் போட்டி. இடையில் வருகைப் பதிவு, புறப்பாடப் புள்ளிகளை ஏற்றும் வேலை, பெற்றோர் அனுமதிக் கடிதம். பயிற்சி தருபவர் உடற்கல்வி படித்தவராகத்தான் இருப்பார் என்றும் சொல்ல முடியாது. வரலாறோ கணிதமோ நடத்துபவர் தலையில் பொறுப்பு விழுவது நம் பள்ளிகளில் புதிதில்லை. அவரும் கற்றுக்கொண்டு, பிள்ளைகளின் கால் வாகும் மனசும் பிடிபடுகிற நேரத்தில் இடமாற்றக் கடிதம் வரும். ஸ்டாப்வாட்ச் புதிதாக வந்த இளைய ஆசிரியர் கைக்குப் போகும். முன்னவர் எழுதி வைத்த நேரக் குறிப்பு எங்கே என்று கேட்டால் பதில் இருக்காது.

இதன் விலையைக் கொடுப்பது பிள்ளையின் உடம்பு. வேக ஓட்டம் மாதக்கணக்கில் படிப்படியாக ஏற்ற வேண்டியது. மாவட்டப் போட்டிக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஆளைப் பொறுக்கி விரட்டினால் பின்தொடைத் தசை இழுத்துக்கொள்ளும். தடை ஓட்டத்தில் முதல் தடைக்கு எத்தனை எட்டு, நீளம் தாண்டுதலில் ஓடிவரும் தூரம் எவ்வளவு என்பதெல்லாம் வளர்கிற பிள்ளைக்கு ஆண்டுதோறும் மாறும். போன ஆண்டு அவள் எவ்வளவு உயரம் இருந்தாள் என்று தெரிந்தவரால்தான் இந்த ஆண்டு அதைத் திருத்த முடியும்.

கென்யாவின் ஈட்டன் ஊரைப் பாருங்கள். 1976-இல் அயர்லாந்திலிருந்து புனித பேட்ரிக் பள்ளிக்குப் புவியியல் நடத்த வந்தவர் சகோதரர் கோம் ஓ'கானல். ஓட்டப் பயிற்சியில் அவருக்கு முன் அனுபவம் கிடையாது. அங்கே பயிற்சி தந்துகொண்டிருந்த பீட்டர் ஃபாஸ்டர் ஊர் திரும்பியதும் பொறுப்பு இவரிடம் வந்தது, இவர் திரும்பவில்லை. 36 ஆண்டு கழித்து, 2012 லண்டன் ஒலிம்பிக்கில், இவரிடம் வளர்ந்த டேவிட் ருடிஷா 800 மீட்டரை 1 நிமிடம் 40.91 விநாடியில் ஓடி உலகச் சாதனை படைத்தார். ஈட்டன் உயரமான ஊர், காற்று வேறு என்பார்கள். சரி. உயரமான ஊர்கள் உலகில் எத்தனையோ இருக்கின்றனவே!

நம்மிடம் ஆளில்லை என்று சொல்ல வாயெழாது. 1966 பேங்காக் ஆசிய விளையாட்டில் எம். ஜெகதீசன் மூன்று தங்கம் வென்றார், எம். ராஜாமணி 400 மீட்டரில் தங்கம் வென்றார். ஜெகதீசன் 1968-இல் மெக்சிகோவில் ஓடிய 20.92 விநாடி, 2017 வரை நாட்டின் 200 மீட்டர் சாதனையாக இருந்தது. 1985 ஜகார்த்தாவில் ஆசிய வெற்றியாளரான பி. ராஜ்குமாரின் 800 மீட்டர் நேரத்தை 30 ஆண்டுக்கு மேல் இங்கே யாரும் தொடவில்லை. 1998 கோலாலம்பூர் காமன்வெல்த் போட்டியில் 50 கிலோமீட்டர் நடையில் தங்கம் வென்றவர் ஜி. சரவணன். இந்தப் பெயர்களைத் தேசிய நாள் உரைகளில் சொல்லிக்கொள்கிறோம். ஒரு சாதனை ஏறக்குறைய அரை நூற்றாண்டு நின்றதில் பெருமைப்பட்ட அளவுக்கு, ஏன் நின்றது என்று வெட்கப்பட்டோமா?

பெற்றோரின் தயக்கம் நமக்குத் தெரியாததல்ல. எஸ்.பி.எம். தேர்வு இருக்கிறது, டியூஷன் இருக்கிறது. திடலுக்குப் போகிற பிள்ளை படிப்பில் பின்தங்கும் என்ற பயம். ஆனால் மேலே சொன்ன ஜெகதீசன் மருத்துவர். சுகாதார அமைச்சில் துணைத் தலைமை இயக்குநர் பதவிவரை உயர்ந்தவர். பெண்பிள்ளைகள் விஷயத்தில் தயக்கம் இன்னும் கூடுதல். மூன்றாம் படிவம் தாண்டியதும் பலர் நின்றுவிடுகிறார்கள். திடலில் ஓர் ஆசிரியை இருந்தால் அவர்களில் பாதிப்பேராவது தொடர்வார்கள் என்றே நினைக்கிறோம்.

ஆசிரியரைக் கட்டிப்போடச் சொல்லவில்லை. கணவர் ஒரு மாநிலத்தில், மனைவி ஒரு மாநிலத்தில் என்று தவிப்பவருக்கு மாற்றம் கிடைக்கத்தான் வேண்டும். தங்க விரும்புபவருக்குத் தங்கும்படியான நிலை வேண்டும் என்கிறோம். மாலைப் பயிற்சி வேலை நேரமாகக் கணக்கில் ஏறட்டும். அதற்கு ஈடாக வாரப் பாடவேளைகள் குறையட்டும். பயிற்றுநர் சான்றிதழ்ப் படிப்புக்குக் கட்டணத்தை அவர் சொந்தப் பணத்திலிருந்து கட்ட வேண்டாம். குண்டு எறிதல், உயரம் தாண்டுதல் போன்றவற்றை ஒருவரே எல்லாம் சொல்லித்தர முடியாது என்பதால், தென்மேற்கு மாவட்டப் பள்ளிகள் சேர்ந்து முன்னாள் வீரர்களைப் பகுதிநேரமாக அமர்த்திக்கொள்ளட்டும்.

இங்கேதான் சிக்கல். ஆசிரியர் கல்வி அமைச்சின் ஆள். மாநில அணிக்குத் தேறிய மாணவன் மாநில விளையாட்டு மன்றத்தின் ஆள். பொதுத் திடல் மாநகர் மன்றத்துடையது. பதக்கம் வந்தால் மூவரும் படத்தில் நிற்பார்கள். பயிற்சி முடிந்து புலாவ் பெத்தோங்குக்கோ சுங்கை பினாங்குக்கோ திரும்ப வேண்டிய பிள்ளைக்கு மாலை ஏழு மணிக்கு ஒரு வேன் யார் ஏற்பாடு செய்வது என்றால் மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். அந்த வேனுக்கான செலவை மாநில அரசு ஏற்கட்டும். மாவட்டக் கல்வி இலாகா, அடுத்த இடமாற்றப் பட்டியலில் கையெழுத்திடுமுன், அதில் உள்ளவர்களில் எத்தனை பேர் மாலையில் திடலில் நிற்பவர்கள் என்று ஒவ்வொரு தலைமையாசிரியரிடமும் கேட்டு எழுதி வாங்கட்டும்.